வெலிச்கா டீச்சரின் வயிற்றெரிச்சல்

சிலருக்கு அடிக்கடி தலைவலி வருவதுபோல வெலிச்கா த்ஸானேவாவுக்குப் பொறாமை வரும். அதை அவள் மறைத்ததில்லை. "இன்னைக்கு எனக்கு வயித்தெரிச்சல் நாள், யாரும் கிட்ட வராதீங்க" என்று ஆசிரியர் அறைக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவாள். ஷூமன் நகரில் எங்கள் பள்ளியில் அவளுக்கும் எனக்கும் பல வருடங்களாக ஒரே மேஜை. அவள் கணக்கு டீச்சர், நான் கினா, உயிரியல் டீச்சர்.

அவள் பிறந்தது கஸ்பிச்சானில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அக்காவுக்கு அக்கார்டியன் வாத்தியம் வாங்கிக் கொடுத்தபோது, இவள் அதைத் தோளில் மாட்டும் வாரைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாளாம். பல்கலைக்கழகத்தில் அவளும் எவ்தோகியா என்ற தோழியும் ஒரே பெஞ்ச். மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். படிப்பு முடிந்ததும் அங்கே கணக்குத் துறையில் ஒரே ஓர் ஆசிரியர் இடம் காலியானது. அது எவ்தோகியாவுக்குப் போயிற்று, வெலிச்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். எவ்தோகியாவின் கல்யாணத்துக்கு மணப்பெண்ணைவிட நல்ல உடை போட்டுக்கொண்டு போனதாக அவளே சொல்லிச் சிரிப்பாள். வெலிச்காவின் கணவர் யாங்கோ கடலோர வார்னாவுக்குப் பேருந்து ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில், அவர் வண்டியில் டிக்கெட் கிழித்த பெண்ணைப் பார்ப்பதற்காகவே கடலுக்கும் ஊருக்குமாகப் போய் வந்தவள் வெலிச்கா. அந்தப் பெண்ணுக்கு அறுபது வயது என்று தெரிந்த பிறகுதான் ஓய்ந்தாள்.

ஆனால் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் அவள் வேறு ஆள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆண்டுதோறும் பயிற்சி ஆசிரியர்கள் எங்களிடம் வருவார்கள். அவர்கள் பாடம் நடத்தும்போது பின்னால் உட்கார்ந்து பார்ப்பதும், பிறகு எது சரி எது சரியில்லை என்று எடுத்துச் சொல்வதும் வழிகாட்டி ஆசிரியரின் வேலை. அந்த வேலையில் வெலிச்காவுக்கு நிகர் கிடையாது. ஒரு பெண் வந்திருந்தாள். பாடம் நன்றாகத்தான் நடத்தினாள், ஆனால் வகுப்பில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். பாடம் முடிந்ததும் வெலிச்கா அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்ல முடியுமா என்று. அந்தப் பெண்ணால் முடியவில்லை. பாடம் முழுவதும் ஜன்னல் பக்கத்தையே பார்த்து நடத்தியிருந்தாள். மறுநாளே திருத்திக்கொண்டாள். இன்னொருவன் இரண்டு வரிக்கு ஒருமுறை "புரிஞ்சுதா?" என்பான், பிள்ளைகளும் கோரஸாக ஆமாம் போடுவார்கள். ஒரு வாரம் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது என்றாள் வெலிச்கா. அந்த வாரத்தில்தான் பிள்ளைகளுக்கு எதுவும் புரியவில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் பயிற்சி ஆசிரியரைப் பேசவிடுவாள். பிறகு, பாடத்தில் நன்றாக இருந்த, விட்டுவிடக் கூடாத ஒன்றைச் சொல்வாள். கடைசியில் மாற்றவேண்டிய ஒன்றை மட்டும் சொல்வாள். ஒரே மூச்சில் எல்லாக் குறையையும் கொட்டினால் எதிரே இருப்பவர் காது அடைத்துவிடும் என்பாள். அவளிடம் பயிற்சி எடுத்தவர்கள் இன்றைக்கும் தெருவில் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்கள்.

அந்த முறை தடம் புரண்டது எமிலியான் ருஸ்செவ் வந்த வருடம்.

பிப்ரவரியில், பனி இன்னும் கரையாத நாளில் வந்தான். உயரமாக, ஒல்லியாக, கழுத்துக்குப் பெரிதான கம்பளிச் சட்டை. அவனுக்குத் திக்குவாய். ஓயாமல் திக்குகிறவன் அல்ல. பேசிக்கொண்டே வருவான், ஒரு சொல்லில் கதவு சாத்திக்கொண்டதுபோல நிற்பான், பிறகு தொடர்வான். தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது 'கணக்கு' என்ற சொல்லிலேயே நின்றான். வெலிச்காவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இந்தப் பையன் ஆறாம் வகுப்பு 'ப' பிரிவின் முன்னால் நின்றால் பிள்ளைகள் பிய்த்துத் தின்றுவிடுவார்கள் என்று என்னிடம் கவலைப்பட்டாள். அது அவளுடைய வகுப்பு. இரண்டு வருடமாக அவள்தான் அவர்களுக்குக் கணக்கு.

முதல் பாடத்தில் சாவா என்ற பையன், வகுப்பின் கோமாளி, அவனைப்போலவே திக்கிக் காட்டினான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எமிலியான் கோபப்படவில்லை. சாவாவைப் பார்த்துக்கொண்டே, சிரிப்பு தானாக அடங்கும்வரை நின்றான். பிறகு, "நீ நிக்கிற இடம் தப்பு. நான் 'ம'வுல நிக்க மாட்டேன், 'க'வுலதான் நிப்பேன்" என்றான். வகுப்பே சிரித்தது. சாவாவும் சிரித்தான். அதன்பின் அந்த வகுப்பில் யாரும் அவன் பேச்சைக் கேலி செய்யவில்லை.

அவன் ஒரு கேள்வி கேட்பான். கேட்டுவிட்டு நிற்பான். அடுத்த சொல் வரவில்லை என்பதற்காக நிற்கிறானா, பதிலுக்காக நிற்கிறானா என்று யாருக்கும் தெரியாது. அந்த அமைதியில் பிள்ளைகள் முதலில் நெளிந்தார்கள். சில நாள் போனதும் நெளிவது நின்றது. பென்சில்கள் அசைந்தன. கடைசி பெஞ்சிலிருந்து வெலிச்கா அதைப் பார்த்தாள். ஒருத்தி உதட்டுக்குள் கணக்குப் போடுவதையும், ஒருவன் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவதையும் பார்த்தாள். இதெல்லாம் தன் பாடத்தில் நடப்பதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அவள் கேள்வி கேட்டால் யாராவது உடனே பதில் சொல்வார்கள், இல்லையென்றால் அவளே சொல்லிவிடுவாள். பாடம் ரயில்போல நேரத்துக்கு ஓடும். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது.

மார்ச் முதல் நாள், வசந்தத்தை வரவேற்கும் வழக்கப்படி பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகப் பிடித்தவர்களுக்குச் சிவப்பும் வெள்ளையுமான நூலைக் கையில் கட்டிவிட்டோம். அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் எமிலியான் ரொட்டி சாப்பிடச் சட்டைக் கையை மடித்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பிள்ளைகள் கட்டிய நூல். வெலிச்காவின் கையில் இரண்டோ மூன்றோ இருந்தன, அதில் ஒன்று நான் கட்டியது. அவள் தன் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவன் எழுந்து போனதும், "பிள்ளைங்க எப்பவுமே புதுசைத்தான் சுத்தும்" என்றாள். வழக்கமாகத் தன் பொறாமையைத் தானே முதலில் சொல்லிச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை.

வீட்டில் யாங்கோவிடம் அவனைப்பற்றி ஓயாமல் பேசியிருக்கிறாள். பலகையில் எழுத்து கோணல், சட்டை அழுக்கு, நேரம் தெரியவில்லை. யாங்கோ ஊறுகாய் மிளகாயைக் கடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் வெலி, அவன் என்ன, அவ்வளவு நல்லாவா பாடம் நடத்துறான்?" என்று கேட்டாராம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த வகுப்பில் தெமெனுகா என்று ஒரு பெண். நல்ல பெண். வீட்டுப்பாடம் சரியாக இருக்கும். ஆனால் வாயைத் திறக்காது. வெலிச்கா இரண்டு வருடமாக முயன்று பார்த்தாள், கெஞ்சினாள், அதட்டினாள், அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாள். பலகைக்கு வரச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்க்கும். அது இப்படித்தான் என்று வெலிச்கா விட்டுவிட்டாள்.

ஒருநாள் எமிலியான் குறை எண்களைக் கழிப்பது நடத்திக்கொண்டிருந்தான். மைனஸிலிருந்து மைனஸைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல நின்றான். யாரும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. வெலிச்காவுக்கு நாக்கு அரித்தது. இரண்டு கழித்தல் சேர்ந்தால் ஒரு கூட்டல் என்று அவள் இந்த வகுப்புக்கே மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அப்போது தெமெனுகா, கூப்பிடாமலே எழுந்து பலகைக்குப் போனது. ஒரு கிண்ணம் வரைந்தது. உள்ளே சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டது.

"இது தாரதோர் சார். ஐஸ் போட்டா இன்னும் சில்லுனு ஆகும். ஐஸை வெளிய எடுத்துட்டா சில்லுனு இருக்கறது குறையும். குளிரை எடுத்துட்டா சூடுதானே ஏறும்? அதே மாதிரிதான்."

கோடைக்கு வீட்டுக்கு வீடு தயிரும் வெள்ளரிக்காயும் கலந்து செய்கிற சூப் அது. வகுப்புக்கு உடனே பிடித்துவிட்டது. எமிலியான் ஒரு சொல்லும் சேர்க்காமல் சுண்ணக்கட்டியை அந்தப் பெண்ணிடமே விட்டான். அது கிண்ணத்துக்குப் பக்கத்தில் கணக்கை எழுதி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன.

அந்த நிமிடத்தைப் பற்றி வெலிச்கா பிறகு என்னிடம் சொன்னாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிகிறது, ஆனால் வரவில்லை. தன் பிள்ளை பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிட்டதுபோல இருந்தது என்றாள்.

பாடம் முடிந்து வரைபட அலமாரிகள் இருக்கும் சின்ன அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். எமிலியானின் முகம் மலர்ந்திருந்தது. எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள்.

"தெமெனுகா வந்தா மேடம்" என்றான். அவனுக்கு அதற்குமேல் சொல்லத் தோன்றவில்லை.

"வந்தா. அதுக்காகப் பாதி பாடத்தைத் தொலைச்சுட்டீங்க. பயிற்சிக் கணக்கு ஒண்ணுகூடப் போடலை."

"ஆமா மேடம்."

"எமிலியான், இதை நான் சொல்லலைன்னா வேற யாரும் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாடியும் பாடத்துல ஒரு ஓட்டை விழுது. நீங்க தடுமாறி நிக்கறதைப் பிள்ளைங்க பார்க்குறாங்க. பாவம் பார்த்துப் பதில் சொல்றாங்க. பரிதாபத்துல ஒரு பாடம் நடக்கக் கூடாது."

அவன் முகம் மாறியது. அவள் நிறுத்தவில்லை. நிற்காமல் பேசிப் பழகவேண்டும், கேள்வி கேட்டால் அடுத்த வரி கையில் தயாராக இருக்க வேண்டும், பதில் வராவிட்டால் தானே சொல்லிவிட்டு நகர வேண்டும் என்றெல்லாம் விளக்கமாக எடுத்துச் சொன்னாள். அதில் எதுவும் கேட்பதற்குத் தவறாக இருக்காது. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் தனக்கே அது நியாயமாகப் பட்டது என்றாள் பின்னாளில். விட்டுவிடக் கூடாத ஒன்றை முதலில் சொல்லும் வழக்கம் அவளுக்கு அன்றைக்கு நினைவுக்கே வரவில்லை.

எமிலியான் நல்ல மாணவன். சொன்னதை அப்படியே செய்தான். அடுத்த வாரம் அவன் பாடத்தைக் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். பாடத்தை வரிக்கு வரி எழுதி, மனப்பாடம் செய்து, பாட்டுப் பாடுவதுபோல ஓர் ஓட்டத்தில் சொன்னான். பாடுகிறவர்களுக்குத் திக்காது இல்லையா, அப்படி. கேள்வி கேட்டான், பதிலும் சொன்னான், எழுதினான், அழித்தான். ரயில் நேரத்துக்கு ஓடியது. பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

கடைசி பெஞ்சில் வெலிச்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி இவனும் எல்லாரையும் போலத்தான்.

பாடத்தின் நடுவில் தெமெனுகாவின் கை மேஜையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. தோள்வரைகூட வரவில்லை. எமிலியான் அதற்குள் பதிலைச் சொல்லி அடுத்த கணக்குக்குப் போயிருந்தான். கை கீழே இறங்கியது. அந்தப் பெண் பென்சிலை எடுத்துப் பலகையில் இருந்ததைப் பார்த்து எழுத ஆரம்பித்தது.

அந்தக் கை இறங்கியதை வெலிச்கா மட்டும்தான் பார்த்தாள். பார்த்தவளுக்கு ஒன்று விளங்கியது. இரண்டு வருடமாகத் தன் பாடத்திலும் அந்தக் கை இப்படித்தான் பாதி எழுந்து இறங்கியிருக்க வேண்டும். முன்னால் நின்று வேகமாக ஓடுகிறவளுக்கு அது தெரிந்திருக்காது. அவன் நின்றதால் அந்தக் கைக்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை அவள் பிடுங்கிவிட்டாள்.

இது விளங்கிய பிறகாவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சின்ன அறையில் அவன் ஆவலோடு உட்கார்ந்திருந்தான். "முன்னைக்கு இப்ப எவ்வளவோ பரவாயில்லை, இப்படியே போங்க" என்றாள். மோசமான பாடத்தை மெச்சியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஏப்ரல் முழுக்க அப்படியே போயிற்று. எமிலியான் நன்றாகப் பேசினான், நாளுக்கு நாள் வாடிப்போனான். ஒருநாள் ஆய்வகத்தில் என் நுண்ணோக்கிகளைத் துடைக்க உதவிக்கொண்டிருந்தபோது, பட்டம் வாங்கிவிட்டு மாமாவின் டயர் கடைக்கே போய்விடலாம் என்று நினைப்பதாகச் சொன்னான். பாடம் நன்றாகத்தானே போகிறது என்றேன். "போகுது மேடம். ஆனா நான் அங்க இல்லை" என்றான். நான் அதை வெலிச்காவிடம் சொன்னேன். அவள் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியைக் கேட்டதும் முதலில் தனக்கு வந்தது நிம்மதிதான் என்று பிறகு சொன்னாள். அந்த நிம்மதியைக் கண்டுதான் அவளுக்கு முதல்முறையாகத் தன்மேலேயே பயம் வந்ததாம்.

அதே வாரத்தில் எவ்தோகியா வந்தாள். பல்கலைக்கழகத்தின் சார்பில் பயிற்சி ஆசிரியர்களைப் பார்க்கிறவள் அவள்தான். மே மாதம் நடக்கும் தேர்வுப் பாடத்துக்கு முன்னால் ஒருமுறை வந்து உட்கார்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, ஆசிரியர் அறையில் வெலிச்காவோடு காபி குடித்தாள். நானும் அதே மேஜையில் இருந்தேன்.

"என்னடி இது, இந்தப் பையன் எங்க வகுப்புல வேற மாதிரி இருந்தானே" என்றாள் எவ்தோகியா. "திக்குவான், ஆனா அவன் ஒண்ணு கேட்டா கூடப் படிக்கிறவங்ககூட உட்கார்ந்து யோசிப்பாங்க. இன்னைக்குப் பார்த்தா ரேடியோ மாதிரி பேசுறான். நீ ஏதாவது சொன்னியா?"

"நிக்காமப் பேசச் சொன்னேன்."

"நீயா?"

எவ்தோகியா அதற்குமேல் கேட்கவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். வெலிச்காவின் முகம் வெளிறியிருந்தது. தான் மறைத்து வைத்திருந்ததை ஒரே பாடத்தில் பார்த்துவிட்டாளே என்று எவ்தோகியாமேலும் எரிச்சல். துறையில் இவளுக்கு இடம் கொடுத்தது ஒருவேளை சரிதானோ என்று தோன்றியதில் இன்னும் எரிச்சல்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் எமிலியான் காகிதத்தில் சுற்றிய பனித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெலிச்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன.

"நான் உங்ககிட்ட சொன்னது தப்பு" என்றாள்.

"எது மேடம்?"

"ஓட்டை விழுதுன்னு சொன்னது. பாவம் பார்த்துப் பதில் சொல்றாங்கன்னு சொன்னது. அது பாவம் இல்லை. நீங்க நிக்கும்போது அவங்க யோசிக்கிறாங்க. பின்னாடி உட்கார்ந்து நான் பார்த்தேன். என் கிளாஸ்ல அப்படி யோசிக்க மாட்டாங்க."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வயித்தெரிச்சல்."

ஒரு பேருந்து வந்து நின்று போயிற்று. அது அவனுடைய பேருந்துதான், ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை.

"என்னைப் பார்த்து யாரும் வயித்தெரிச்சல் பட்டதே இல்லை" என்றான் கடைசியில். "பாவம்தான் பட்டிருக்காங்க. அதனாலதான் நீங்க சொன்னதை நம்பினேன். எங்கம்மாவை எதிர்ல உட்கார வச்சு, நிக்காமப் பேசிப் பழகினேன். அம்மா கைதட்டினாங்க மேடம். என் பையனுக்குச் சரியாயிடுச்சுன்னு எங்க தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாங்க. இப்ப நான் அவங்ககிட்ட போய் என்ன சொல்ல?"

மன்னித்துவிடு என்று கேட்கலாமா என்று நினைத்தாளாம். கேட்டால் அதையும் அந்தப் பையனே சுமக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியதால் கேட்கவில்லை. அவன் காகிதத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நின்றபடியே கேட்டான்:

"சரி. தேர்வுப் பாடத்துக்கு நான் என்ன பண்ணணும்? இந்தத் தடவை நிஜமாச் சொல்லுங்க."

வெலிச்காவுக்குத் தன் பழைய கண் திரும்பியது அப்போதுதான். எல்லாக் கேள்விக்கும் நிற்க வேண்டாம் என்றாள். பாடத்தில் எந்த இரண்டு கேள்வி உயிரானது என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள், அங்கே நில், மற்ற இடத்தில் சட்டென்று போ. நிற்கும்போது தெமெனுகாவைப் பார்க்காதே. பதில் அவளிடமிருந்துதான் வரும் என்று மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். தப்பான பதில் வந்தால் தலையை ஆட்டாதே, நன்றாயிருக்கிறது என்றும் சொல்லாதே, முகத்தை அப்படியே வைத்துக்கொள். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. அடுத்த பேருந்தில் ஏறிப் போனான்.

தேர்வுப் பாடத்துக்கு எவ்தோகியா வந்தாள், துணைத் தலைமையாசிரியர் வந்தார், எனக்கு அந்த மணி ஓய்வு என்பதால் நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன். அடைப்புக்குறி உள்ள சமன்பாடு. தொடக்கத்தில் எமிலியான் வேகமாகப் போனான். பிறகு பலகையில், மைனஸ் இரண்டு பெருக்கல் அடைப்புக்குள் எக்ஸ் கழித்தல் மூன்று, சமன் பத்து என்று எழுதினான். இங்கே எக்ஸ் எவ்வளவு, ஏன், என்று கேட்டான். கேட்கும்போது 'க'வில் மாட்டிக்கொண்டு நின்றான், மீண்டான், பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி நின்றான்.

அமைதி நீண்டது. துணைத் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெலிச்கா அசையாமல் இருந்தாள். நாங்கள் எல்லாரும் தெமெனுகா எழுந்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். அது எழுந்திருக்கவில்லை. அன்று முழுக்க அந்தப் பெண் வாயைத் திறக்கவே இல்லை. கை தூக்கியது சாவா.

"ரெண்டு சார்."

எமிலியானின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நின்றான். சாவா கூரையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான்.

"இருங்க சார். ரெண்டைப் போட்டா உள்ள மைனஸ் ஒண்ணு வருது. பத்து வராது." பென்சிலைக் கடித்தான். "மைனஸ் ரெண்டு. உள்ள மைனஸ் அஞ்சு ஆகும். மைனஸ் ரெண்டால பெருக்கினா பத்து."

"கே... கேட்டதும் ஏன் முதல்ல ரெண்டுன்னு தோணுச்சு?" என்று எமிலியான் கேட்டான். சாவா அதற்கும் யோசித்துப் பதில் சொன்னான். வகுப்பில் பாதிப் பேர் அதே தப்பைத்தான் செய்திருந்தார்கள். அவர்கள் தங்கள் பென்சிலால் அடித்துத் திருத்துவது எங்களுக்குக் கேட்டது.

மணி அடித்தபோது கடைசிக் கணக்கு பாக்கி இருந்தது. அதற்காக எவ்தோகியா கொஞ்சம் குறைத்தாள். ஆறுக்கு ஐந்தரை. மதிப்பெண் போடும் முன் வழிகாட்டி ஆசிரியர் பேச வேண்டும். வெலிச்கா எழுந்து நின்று, அவன் பேசிய நேரத்தை விட்டுவிட்டுப் பேசாத நேரத்தைப் பாருங்கள் என்று ஆரம்பித்து, சாவாவின் தப்பு எப்படி வகுப்பு முழுவதற்கும் பாடமாயிற்று என்று விவரமாகச் சொன்னாள். மாற்றவேண்டியது என்று ஒன்றே ஒன்று சொன்னாள். பலகையின் கீழ்ப்பாதியில் எழுதுவது பின் பெஞ்சுக்குத் தெரியவில்லை.

"நல்லா வழிகாட்டியிருக்கேடி" என்றாள் எவ்தோகியா.

"அது அவனோடது. என்னோடது இல்லை" என்றாள் வெலிச்கா.

எமிலியான் அவளைப் பார்த்தான். ஆனால் அந்த ஒரு பாராட்டைத் தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டோடு சாப்பிட்டதாக வெலிச்கா என்னிடம் ஒப்புக்கொண்டாள். எவ்தோகியாவின் வாயிலிருந்து அது வருவதற்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன் என்றாள்.

செப்டம்பரில் எமிலியானுக்குப் பக்கத்து ஊரான நோவி பஸாரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. எங்கள் பள்ளியிலும் ஓரிடம் காலியாக இருந்தது. தலைமையாசிரியர் கேட்டும் அவன் வர மறுத்துவிட்டான். ஏன் என்று அவர் ஆச்சரியப்பட்டார். வெலிச்கா ஆச்சரியப்படவில்லை. இன்றைக்கும் சந்தையில் எதிர்ப்பட்டால் தலையசைத்துவிட்டு விலகிப் போகிறான். அவன் மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை என்று அவள் சொல்வாள்.

ஏழாம் வகுப்புக்கு அந்தப் பிள்ளைகள் மறுபடி அவளிடமே வந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் தெமெனுகாவின் அம்மா எழுந்து, அந்தத் திக்கிப் பேசுகிற சார் இனி வர மாட்டாரா என்று கேட்டாள். வெலிச்காவின் முகத்தை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அவள் தன் பாடத்தில் நின்று பார்க்க முயன்றாள். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது அவளுக்கு முள்மேல் நிற்பதுபோல இருந்தது. முதல் தடவை அப்படி நின்றபோது சாவா கவலையோடு, "டீச்சர், மறந்துட்டீங்களா? நான் வேணா சொல்லட்டுமா?" என்றான். வகுப்பு சிரித்தது. அவள் சட்டென்று பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். பிறகு மறுபடி முயன்றாள். எமிலியானுக்கு வந்த அளவு அவளுக்கு வரவே இல்லை. குளிர்காலத்தில் ஒருநாள் தெமெனுகா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பதில் சொன்னது. பலகைக்கு வரவில்லை. அந்தப் பதிலை வெலிச்கா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள், அதே குரலில், அதே இழுப்போடு.

அடுத்த வசந்தத்தில் நெவியானா என்று ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள். முதல் பாடத்திலேயே, பேசிக்கொண்டே, பலகையைப் பார்க்காமல், ஒரே இழுப்பில் ஒரு வட்டம் போட்டாள். காம்பஸில் போட்டதுபோல முழு வட்டம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வெலிச்காவுக்குக் கால் பெருவிரலிலிருந்து எரிந்தது. இத்தனை வருடத்தில் அவள் போட்ட வட்டம் எதுவும் உருளைக்கிழங்கைத் தாண்டியதில்லை.

எரிச்சல் உனக்குக் கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா என்று அதற்குச் சில நாள் முன்புதான் நான் கேட்டிருந்தேன். இல்லை என்றாள். "ஆனா இப்ப எங்க குத்துதோ அங்கதான் முதல்ல பார்க்குறேன் கினா. நல்லது எதுவோ அங்கதான் எனக்குக் குத்தும். அதை முதல்ல சொல்லிட்டேன்னா, அப்புறம் மத்ததை நியாயமாச் சொல்ல வருது."

நெவியானா வட்டம் போட்ட அன்று சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. பாடம் எப்படி இருந்தது என்று நெவியானா சொல்லி முடித்தாள். வெலிச்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"வட்டம் போட்டீங்களே, அந்த நேரத்துல கிளாஸ் முழுக்க உங்க கையிலதான் இருந்துச்சு. கேள்வியை அப்பத்தான் கேட்கணும். நீங்க அழிச்சுட்டு, தூசி தட்டிட்டுக் கேட்டீங்க. அதுக்குள்ள அவங்க கலைஞ்சுட்டாங்க. நாளைக்கு வட்டம் முடியுற இடத்துலேயே கேளுங்க."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வெளியே போனாள். வெலிச்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காபிக்குக் கை நீட்டினாள்.

"கோணம் அளக்கத் தெரியலை அவளுக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். "வட்டம் மட்டும்தான்."

பிறகு அவளே சிரித்துவிட்டு, ஏழாம் வகுப்புத் தாள்களைத் திருத்த எடுத்தாள்.